செவந்துபோன மருந்து

தமிழ்நாட்டில் உயிர்வேதியியல் படித்தவர் யாராக இருந்தாலும் எஸ்.ஓ.டி. பார்க்காமல் கரையேறியிருக்க மாட்டார். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி ஒரு திசுவில் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று அளக்கும் சோதனை அது. காரம் தூக்கலான கார்பனேட் பஃபர், பி.எச். 10.2. அதில் கொஞ்சம் அட்ரினலின். சேர்த்த சற்று நேரத்தில் குவெட்டுக்குள் இளஞ்சிவப்பு பரவத் தொடங்கும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை 480 நானோமீட்டரில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். நொதி இருந்தால் நிறம் ஏறுவது மந்தப்படும். எவ்வளவு மந்தப்பட்டது என்பதுதான் விடை. மிஸ்ராவும் ஃப்ரிடோவிச்சும் 1972-இல் எழுதிவைத்த முறை. செலவு குறைவு, விசேஷக் கருவி எதுவும் தேவையில்லை. நம் ஊர்க் கல்லூரிகளில் அது நிலைத்துவிட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்த இளஞ்சிவப்பின் பெயர் அட்ரினோக்ரோம். ஆக்சிஜனேற்றம் அடைந்த அட்ரினலின். எங்களில் பலர் அதை ஒரு பொருளாகவே மதித்ததில்லை. நோட்டில் ஏறும் எண், அவ்வளவுதான். குறித்து முடித்ததும் சிங்கில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவோம். அதே பொருள் இதயத்தசைச் செல்லுக்குள் உருவானால் என்ன ஆகும் என்று பார்ப்பது பிறகு என் பிழைப்பாகவே ஆனது. எலியின் இதயத்திலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து, அவை கால்சியத்தை எவ்வளவு வாங்குகின்றன, எந்தக் கட்டத்தில் கக்குகின்றன என்று அளப்பது என் வேலை.

அட்ரினலினின் நிறத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது கல்லூரி இல்லை. நர்ஸாக இருந்த என் அத்தை. சாயர்புரத்தில் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒரே தெரு. அவசர ஊசிப் பெட்டியைத் துடைத்து அடுக்குகிற நாளில் அத்தை அட்ரினலின் ஆம்பூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பழுப்புக் கண்ணாடி என்பதால் சாய்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். “ஏட்டி, இது செவந்துபோச்சு பாரு. தேதி இருந்தா என்ன, இத போட்டு ஒரு புண்ணியமும் இல்ல” என்று தனியே ஒதுக்கி வைப்பார். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் மருந்து. ஒவ்வாமையில் தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பவரை எழுப்பி உட்கார வைப்பது அதுதான். நிறம் மாறினால் அந்த வேலையைச் செய்யாது. ‘இளஞ்சிவப்போ பழுப்போ தெரிந்தால் பயன்படுத்தாதே’ என்று மருந்தின் தாளிலேயே இருக்கும். அத்தை தாளைப் படித்துத் தெரிந்துகொண்டாரா, பழக்கத்தில் தெரிந்துகொண்டாரா என்று நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் பனங்காடு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் அது கள்ளாகிவிடும். கெட்டுப்போகிற சரக்கைக் காப்பாற்ற அதனுடன் ஏதாவது சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்பது பனையேறி வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அட்ரினலின் ஆம்பூலிலும் அப்படி ஒரு காவல் இருக்கிறது. ஆனால் திசைதான் நேரெதிர். அதைப் புளிப்பில் வைப்பார்கள், கூடவே சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்ப்பார்கள். வருகிற ஆக்சிஜனை மெட்டாபைசல்ஃபைட் முதலில் தன் மேல் வாங்கிக்கொள்ளும். பதநீரைக் காக்கிற காரம் அட்ரினலினைக் கெடுத்துவிடும். எஸ்.ஓ.டி. சோதனையில் பி.எச்.சை 10.2-க்குத் தூக்குவதே அதை வேண்டுமென்று கெடுப்பதற்காகத்தான்.

கெடுவது எப்படி என்றால், அட்ரினலினின் வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவை எலக்ட்ரான்களை இழந்தால் குயினோன் உருவாகும். பக்கச் சங்கிலியில் உள்ள நைட்ரஜன் வளைந்து வந்து அந்த வளையத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேலும் எலக்ட்ரான் போனால் அட்ரினோக்ரோம். அப்போதுதான் கண்ணுக்குச் சிவப்புத் தெரிகிறது. டாக்காமினே 1901-இல் அட்ரினலினைத் தூய பொருளாக உலகுக்குக் காட்டினார். கேம்பிரிட்ஜில் டேவிட் கிரீனும் டெரெக் ரிக்டரும் 1937-இல் அட்ரினோக்ரோமைத் தனியே பிரித்து, செல்லில் இருக்கும் நொதிகளே இந்த மாற்றத்தைச் செய்ய முடியும் என்று எழுதினார்கள். குப்பியில் நடப்பது உடம்புக்குள்ளும் நடக்கலாம் என்ற எண்ணத்துக்கு அங்கிருந்துதான் கால் முளைத்தது.

சாதாரண நாளில் அது பெரிதாக நடப்பதில்லை. பயந்தால், ஓடினால், கோபப்பட்டால் சுரக்கும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். நரம்பு முனைகள் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சும். மோனோஅமீன் ஆக்சிடேஸ், காம்ட் என்ற இரண்டு நொதிகள் மீதியை உருமாற்றிச் சிறுநீருக்கு அனுப்பும். இந்த வழிகள் கொள்ளாத அளவுக்கு ஹார்மோன் பெருகும்போதுதான் மிச்சம் இருப்பது ஆக்சிஜனேற்றப் பாதையில் இறங்குகிறது.

அந்தப் பெருக்கம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் பலருக்குத் தெரியும். அதன் பெயர்தான் தெரியாது. பனையோலைக் குவியலிலும் விறகுக் கட்டிலும் செந்தேள் கிடக்கும். கொட்டுப்பட்டவர் வியர்வையில் தெப்பமாக நனைவார். கை கால் ஜில்லிட்டுப்போகும், வாந்தி எடுப்பார், நெஞ்சு படபடக்கும். பிறகு மூச்சு வாங்கும். தேளின் நஞ்சு நரம்புகளின் சோடியம் வழிகளை மூட விடாமல் செய்ய, நரம்பு முனைகளும் அட்ரினல் சுரப்பியும் தம்மிடம் உள்ள அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மஹாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு ஹிம்மத்ராவ் பவஸ்கர் இந்த அறிகுறிகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறித்தார். 1982-இல் ‘லான்செட்’ அதை வெளியிட்டது. பிறகு பிராசோசின் என்ற விலை குறைந்த ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றிக் காட்டினார். 2022-இல் பத்மஸ்ரீ. நஞ்சை முறிக்கிற மருந்து அல்ல பிராசோசின். பெருகிவந்த ஹார்மோன் ரத்தக் குழாயைப் பிடித்து இறுக்க விடாமல் தடுப்பது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு, கடைசியில் வரும்.

தூத்துக்குடியில் வேதியியல் படித்துவிட்டு, 1990-களில் வெளியூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் ஐசோபுரோட்டரினால் எலியில் வேலை செய்தார்கள். ஐசோபுரோட்டரினால் என்பது செயற்கையாகச் செய்யப்பட்ட அட்ரினலின் உறவு. அளவுக்கு மீறிக் கொடுத்தால் எலியின் இதயத்தில் மாரடைப்பு போன்ற திசு அழிவு உண்டாகும் என்று மான்ட்ரியலில் ரோனாவும் கூட்டாளிகளும் 1959-இல் காட்டினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 85 மில்லிகிராம், தோலுக்கடியில், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. ரத்தக் குழாயைக் கட்ட வேண்டாம், நெஞ்சைத் திறக்க வேண்டாம். ஊசி போடத் தெரிந்தால் போதும். இதுவும் இங்கே வேர்பிடித்தது.

மைட்டோகாண்ட்ரியா பிரிக்கிற நாளில் முதல் வேலை ஐஸ். வாளி நிறைய உடைத்த ஐஸ், அதற்குள் சுக்ரோஸ் பஃபர், கத்தரிக்கோல், ஹோமோஜனைசர் எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். மயக்கிய எலியிலிருந்து எடுத்த இதயம் ஐஸ் பஃபரில் விழுந்த பிறகும் சில தடவை துடிக்கும். அந்தத் துடிப்பிலேயே உள்ளே இருக்கும் ரத்தம் வெளியேறிவிடும். அதைக் கத்தரித்துக் கத்தரித்து, பஃபரை மாற்றி மாற்றி, சிவப்பு போகும் வரை அலச வேண்டும். ரத்தம் மிஞ்சினால் அதன் இரும்பு பிற்பாடு எல்லா எண்களிலும் மூக்கை நுழைக்கும்.

அடுத்தது பாட்டர்-எல்வெஜெம் ஹோமோஜனைசர். கண்ணாடிக் குழாய், அதற்குள் சரியாகப் பொருந்தும் டெஃப்லான் உலக்கை. குழாயை ஐஸில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓட்டுவோம். முதலில் தசை முரண்டு பிடிக்கும். சத்தம் கரகரப்பாக இருக்கும். சில ஓட்டங்களுக்குப் பிறகு சத்தம் வழவழப்பாகும். அந்தச் சத்தம் மாறுகிற இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்தான் வேலைக்காரர். நிறுத்தாமல் அரைத்தால் நாம் தேடுகிற மைட்டோகாண்ட்ரியாவே கிழிந்துபோகும். முன்னமே நிறுத்தினால் தசை நார்களுக்கு நடுவில் சிக்கியிருப்பவை வெளியே வராது. இதயச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா இரண்டு கூட்டமாக இருக்கின்றன: செல் சவ்வுக்கு அடியில் ஒரு கூட்டம், நார்களுக்கு இடையில் ஒரு கூட்டம். உலக்கைக்கு எளிதில் வருவது முதல் கூட்டம்தான். இரண்டாவதை எடுக்கப் புரதத்தைக் கரைக்கும் நொதி வேண்டும். அதன் விலையைப் பார்த்து அதை விட்டுவிட்டு எழுதப்பட்ட ஆய்வுகள் உண்டு.

பிறகு குளிர் சென்ட்ரிஃபியூஜ். மெதுவாக ஒரு சுற்று; உட்கருவும் உடையாத நாரும் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கலை எடுத்து வேகமாக ஒரு சுற்று. குழாயின் அடியில் பழுப்பு வண்டல் ஒட்டியிருக்கும். அதன் மேல் வெளிறிய மெல்லிய படலம் ஒன்று மூடியிருக்கும். அந்தப் படலம் உடைந்தவை. சில துளி பஃபர் விட்டு, குழாயைச் சாய்த்துச் சுழற்றி, படலத்தை மட்டும் ஓடவிட வேண்டும். பழுப்பு வண்டலைச் சின்னத் தூரிகையால் தொட்டுத் தொட்டுக் கரைக்க வேண்டும். கரைந்ததும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்; சில மணி நேரத்துக்கு மேல் அவை தாங்காது. 2012 வாக்கில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் எலியைக் கூண்டிலிருந்து எடுப்போம். சென்ட்ரிஃபியூஜ் நடுவழியில் நின்று சூடேறினால் ஓர் உயிர் வீண். 1998-இல் விலங்குச் சோதனை விதிகள் வந்த பிறகு எத்தனை எலி, ஏன் அத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒன்றைக்கூடத் தொட முடியாது. அது நல்லதுதான்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் கால்சியத்தைப் பற்றிப் பேச முடியாது. லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார், நன்றாகத் துடித்தது. பிறகு தெரியவந்தது, உதவியாளர் காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கரைசலைக் கலக்கியிருந்தார் என்பது. வடித்த தண்ணீரில் கலக்கினால் இதயம் சற்று நேரத்தில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. இது 1883-இல் வெளிவந்தது. பருப்பு வேகாத உப்புத் தண்ணீரில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கதை உடனே விளங்கும். மைட்டோகாண்ட்ரியா வேலைக்கு வரும் எந்தக் குப்பியும் எங்கள் ஆய்வகத்தில் முதலில் அமிலத்தில் ஊறும், பிறகு இரண்டு முறை வடித்த தண்ணீரில் பலமுறை அலசப்படும். கழுவ வருகிற புதுப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். நாம் சேர்க்கப்போகும் கால்சியம் மைக்ரோமோலார் கணக்கில். குழாய்த் தண்ணீரில் இருப்பது மில்லிமோலார் கணக்கில். ஒரு துளி மிஞ்சினாலும் அன்றைய கணக்கு காலி.

உயிருள்ள செல்லிலும் இதே கண்டிப்பு உண்டு. ஓய்வில் இருக்கும் இதயச் செல்லுக்குள் கால்சியம் வெளியில் இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் உள்ளே வரும், உள் கிடங்கிலிருந்து இன்னும் கொஞ்சம் வெளிப்படும், தசை சுருங்கும். உடனே பம்ப்கள் அதைத் திரும்ப இறைத்துவிட வேண்டும். அடுத்த துடிப்பு வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும். பம்ப் ஓட ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். பம்ப் எவ்வளவு ஓடியது என்பதை, உடைந்த ஏ.டி.பி.யிலிருந்து வந்த பாஸ்பேட்டை அளந்து தெரிந்துகொள்வோம். நீலம் ஏறும் அந்தச் சோதனை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை, 1925. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டுக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ்தான் அந்தச் சுப்பாராவ். ஏ.டி.பி. என்ற மூலக்கூறு 1929-இல் தெரியவந்ததிலும் ஃபிஸ்க், சுப்பாராவ் இருவருக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் தனியாகவே அதைக் கண்டுபிடித்தார். சுப்பாராவ் என்பது நம் ஆய்வகங்களில் இன்றைக்கும் தினம் உச்சரிக்கப்படும் பெயர். யார் அவர் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

மைட்டோகாண்ட்ரியாவின் கால்சியக் கணக்கை எழுத ஆர்செனசோ III என்ற சாயத்தைப் பயன்படுத்தினோம். கால்சியம் பட்டால் நீலமாகும் சாயம். அதன் அளவீடு 650 நானோமீட்டருக்கு மேலே, அட்ரினோக்ரோமின் சிவப்பு 480-இல், ஒன்றையொன்று மறைக்காது. பழைய சார்ட் ரெக்கார்டரில் தாள் ஊர்ந்துகொண்டிருக்கும். சின்ன அளவு கால்சியம் சேர்த்தால் பேனா விருட்டென்று ஏறும். மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுக்க இழுக்க பேனா சரிந்து பழைய கோட்டுக்கே திரும்பும். மறுபடி ஓர் அளவு, மறுபடி ஏற்றம், மறுபடி சரிவு. நல்ல மைட்டோகாண்ட்ரியா இப்படிப் பல தவணை வாங்கும். ஒரு கட்டத்தில் பேனா ஏறி நிற்கும், இறங்காது. இன்னும் சற்றுக் காத்திருந்தால், நாம் எதுவுமே சேர்க்காமல் பேனா தானாக மேலே ஏறத் தொடங்கும். இதுவரை வாங்கியதையெல்லாம் கக்குகிறது என்று பொருள். உள்சவ்வில் துளை திறந்துகொண்டது. 540 நானோமீட்டரில் கலங்கலைப் பார்த்தால் அது தெளியத் தொடங்கியிருக்கும். மைட்டோகாண்ட்ரியா வீங்கி ஊதுகின்றன. சைக்ளோஸ்போரின் ஏ சேர்த்தால் இந்தத் திறப்பு தள்ளிப்போகும். சிறுநீரக மாற்று நோயாளிகள் சாப்பிடும் அதே மருந்து.

ஆக்சிஜனேற்றம் அடைந்த அட்ரினலினோடு சிறிது நேரம் இருந்துவிட்டு வந்த மைட்டோகாண்ட்ரியாவின் தாளைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணில் அறையும். முதல் தவணையிலேயே சரிவு சோம்பலாக இருக்கும். வாங்குகிற தவணை குறையும். கக்கல் சீக்கிரம் வரும். புதிதாகக் கலக்கிய, நிறமே இல்லாத அட்ரினலினை அதே அளவு சேர்த்தால் தாள் ஏறக்குறைய சாதாரணமாகவே ஓடும்.

பஞ்சாபில் பிறந்து கனடாவின் வின்னிபெக்கில் குடியேறிய நரஞ்சன் தல்லாவின் கூட்டம் இதை வெகு காலம் முன்பே முழு இதயத்தில் காட்டியிருந்தது. தனியே எடுத்துத் துடிக்க வைத்த எலி இதயத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்த ஐசோபுரோட்டரினாலைச் செலுத்தினால் துடிப்பு தளரும், செல்கள் சாகும் என்று 1975-இல் எழுதினார்கள். அட்ரினோக்ரோமும் அதையே செய்தது என்று 1981-இல் எழுதினார்கள். இதயத்தைக் கொல்வது ஹார்மோன் தானா, அல்லது அது கெட்டுப்போய் ஆன பொருளா என்ற கேள்வியை எங்கள் தலைமுறைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

விடையின் ஒரு பாதி கந்தகத்தில் இருக்கிறது. குயினோன் வடிவம் புரதங்களில் உள்ள சிஸ்டீன்களின் கந்தக-ஹைட்ரஜன் முனைகளைத் தேடிப் பிடித்து ஒட்டும். கால்சியத்தை இறைக்கும் பம்ப்கள் அந்த முனைகளை நம்பித்தான் ஓடுகின்றன. ஒட்டினால் பம்ப் மந்தமாகிறது. செல்லுக்குள் கால்சியம் தேங்குகிறது. இன்னொரு பாதி எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல். மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலி அட்ரினோக்ரோமுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும், அது அதை ஆக்சிஜனிடம் தள்ளிவிட்டுப் பழையபடி நிற்கும், மறுபடி வாங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சூப்பர் ஆக்சைடு. கால்சியத்தை உள்ளே இழுப்பது உள்சவ்வின் மின்னழுத்தம், சுமார் 180 மில்லிவோல்ட். அது சரிந்தால் இழுப்பும் சரிகிறது, ஏ.டி.பி.யும் குறைகிறது. ஏ.டி.பி. குறைந்தால் பம்ப் இன்னும் மந்தமாகிறது. தேங்கிய கால்சியம் மீந்து நிற்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் விழுகிறது. துளை திறக்கிறது. அதற்கு மேல் அந்தச் செல் மீள்வது அரிது.

மைட்டோகாண்ட்ரியா கால்சியம் வாங்கும் என்பது 1961, 62-லேயே தெரியும். எந்தப் புரதத்தின் வழியாக வாங்குகிறது என்று தெரிய 2011 ஆகிவிட்டது. இத்தாலியின் பாதுவாவிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இரண்டு கூட்டங்கள் ஒரே சமயத்தில் எம்.சி.யூ. என்ற அந்தப் புரதத்தை அடையாளம் காட்டின. அதற்கு அடுத்த கட்டத்தில் எங்களுக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது. வேலூர் சி.எம்.சி.யின் ஆய்வகத்தில் கே.ஏ. பாலசுப்பிரமணியனோடு குடலின் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்த முனுசாமி மாதேஷ். சூப்பர் ஆக்சைடையும் எஸ்.ஓ.டி.யையும் சின்னத் தட்டில் அளக்க அவர்கள் இருவரும் 1990-களில் எழுதிய முறையை நாங்களும் கையாண்டிருக்கிறோம். அமெரிக்கா போன பிறகு மாதேஷின் கூட்டம், எம்.சி.யூ. கண்டபடி திறக்காமல் காவல் நிற்கும் மிக்கு1 என்ற புரதத்தின் பங்கை 2012-இல் விளக்கியது. 2017-இல் இன்னொன்று: எம்.சி.யூ.வின் 97-ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீன், ஆக்சிஜனேற்றச் சூழலில் குளூட்டத்தயோனைத் தன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அப்போது அந்த வழி கூடுதலாகத் திறந்து, கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே போகிறது.

எங்கள் தாளில் இழுப்பு குறைந்தது. இங்கே இழுப்பு கூடுகிறது. முரண்பாடா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. லேசான ஆக்சிஜனேற்றத்தில், மின்னழுத்தம் இன்னும் நிற்கிற நேரத்தில், வழி அகலமாகிக் கால்சியம் கூடுதலாக ஏறும். கடுமையான ஆக்சிஜனேற்றத்தில் மின்னழுத்தமே விழுந்துவிடும். பிறகு வழி எவ்வளவு அகலமாக இருந்தும் இழுக்க ஆள் இல்லை. எவ்வளவு கெட்டது, எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாமல் ‘கூடும்’, ‘குறையும்’ என்று பேசுவதில் பொருள் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த எலிகளின் இதயத்தில் எம்.சி.யூ.வை நீக்கிப் பார்த்த ஆய்வுகள் 2015-இல் வந்தன. ஓய்வில் அந்த இதயங்கள் சாதாரணமாகவே ஓடின. அட்ரினலின் வகை மருந்து கொடுத்து முடுக்கினால் மற்றவை போல உடனே வேகம் எடுக்க முடியவில்லை. பயந்து ஓடும்போது இதயம் ஈடுகொடுப்பதே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் போவதால்தான். அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்ல முடியாத வழி அது.

என் துறையோடு எனக்கு உள்ள வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஐசோபுரோட்டரினால் எலியும் எஸ்.ஓ.டி.யும் கையில் இருக்க, தமிழ்நாட்டில் மூலிகைகளுக்குப் பஞ்சம் இல்லை. சாறு எடு, எலிக்குச் சில வாரம் கொடு, பிறகு ஊசி போடு, எஸ்.ஓ.டி. பார், நொதி கூடியிருக்கிறது, ஆகவே இதயத்தைக் காக்கும் மூலிகை. இந்த வார்ப்பில் வந்த ஆய்வேடுகளை அலமாரி அலமாரியாகப் பார்த்துவிட்டேன். அவற்றில் பொய் இல்லை. ஆனால் எலி இளசு, சர்க்கரை இல்லை, அடைத்த ரத்தக் குழாய் இல்லை. காப்பு மருந்தோ அடிபடுவதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. நோயாளி மாரடைப்பு வரப்போகும் தேதி தெரிந்து சில வாரம் முன்பிருந்தே கஷாயம் குடித்துக்கொண்டு வருவதில்லை.

மனிதர்களில் பார்த்தபோது என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் கனடாவிலிருந்து நடத்திய ஹோப் ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ, தினமும் 400 யூனிட், நாலரை ஆண்டு. மாரடைப்பும் குறையவில்லை, சாவும் குறையவில்லை. முடிவு 2000-இல் வெளிவந்தது. அதே சமயம் ஹார்மோன் இதயத்தில் பிடித்துக்கொள்ளும் இடத்தை மறைக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள் மாரடைப்புக்குப் பிறகும் இதயத் தளர்ச்சியிலும் உயிரைக் காக்கின்றன. மஹாடில் பவஸ்கர் செய்ததும் இந்த வழிதான். கெட்ட பிறகு துடைப்பதைவிட, பெருகிய ஹார்மோனின் கையைப் பிடிப்பது பலன் தந்திருக்கிறது. எங்கள் ஆய்வகத் தாள்களும், சரியாகப் படித்தால், இதைத்தான் சொல்கின்றன: நிறம் மாறிய பிறகு செல்லுக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது.

அதற்காக இந்த எலியை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கேள்வியை மாற்றினால் போதும். மருந்தை ஊசிக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். வயதான எலியில், சர்க்கரை ஏற்றிய எலியில் பாருங்கள். நொதியின் அளவோடு நிற்காமல் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்துக் கால்சியம் எத்தனை தவணை வாங்குகிறது என்று எழுதுங்கள். அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கப்படும் மனித இதயத் துணுக்கு, முறையான அனுமதியோடு, இன்று பெரிய மருத்துவமனைகள் உள்ள ஊர்களில் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகும் வைவாவுக்குத் தேர்வாளராக அழைக்கிறார்கள். ஐசோபுரோட்டரினால் வேலை என்றால் என்னிடமிருந்து முதலில் வரும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: ஊசிக் கரைசலை எப்போது கலக்கினீர்கள், போடும்போது அது என்ன நிறத்தில் இருந்தது? காலையில் கலக்கி மேசை மேல் வைத்திருந்து மத்தியானம் போட்டால் எலிக்குப் போனது ஐசோபுரோட்டரினால் மட்டும் இல்லை. அதன் சிவந்த பாதியும் சேர்ந்தே போயிருக்கிறது. ஒரே ஆய்வேட்டில் காலையில் ஊசி போட்ட கூண்டுக்கும் மாலையில் ஊசி போட்ட கூண்டுக்கும் எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அட்டவணை போட்டுத் திண்டாடியவர்கள் உண்டு. சிலர் வழிகாட்டியின் முகத்தைப் பார்ப்பார்கள். “ஒவ்வொரு கூண்டுக்கும் புதுசா கலக்கினேன் மேடம், ஐஸ்ல வச்சு, ஃபாயில் சுத்தி” என்று சட்டென்று சொல்கிற பிள்ளையிடம் நான் அதற்கு மேல் அதிகம் கேட்பதில்லை.